டிகிரி அக்காவும் கண்ணாடிக் கூம்பும்

பேச்சு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். டிகிரி அக்காவின் கை மட்டும் என் மேஜைமேல் எதையாவது துழாவிக்கொண்டிருக்கும். இந்த முறை அகப்பட்டது இருமல் மருந்து வந்த அட்டைப் பெட்டி. அதைப் பிரித்துத் தட்டையாக்கி, "கத்தரி இருக்கா?" என்றார். நான்கு முக்கோணங்கள் வெட்டினார். பசைநாடாவால் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி நிமிர்த்தியதும் உள்ளங்கையில் அடங்குகிற, பிரமிடு மாதிரி ஒரு கூம்பு எழுந்து நின்றது. மருந்துப் புட்டி ஆடையில்லாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

"சொல்லுங்க. இந்த முகத்துக்கும் பக்கத்து முகத்துக்கும் நடுவுல எத்தனை டிகிரி?"

"தொண்ணூறு" என்றேன்.

விடை எனக்குத் தெரியும். எத்தனை பெட்டிகளை இப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். இருந்தாலும் தொண்ணூறு என்றால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைக் கெடுக்க மனசு வருவதில்லை.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. தரையைப் பாத்துச் சொல்றீங்க. அடியில மூலை தொண்ணூறுதான், யார் இல்லைன்னா? ஆனா சுவர் சாயுதே. நாலு சுவரும் நிமிர்ந்து நின்னா தொண்ணூறு. நாலும் மல்லாந்து படுத்துட்டா நூத்தி எண்பது. நடுவுல எந்த மட்டுக்குச் சாஞ்சிருக்குன்னு பாக்கணும். இது நாப்பத்தஞ்சு சாஞ்சிருக்கு. அப்ப நூத்தி இருபது."

சொல்லிவிட்டு இன்னோர் அட்டைத் துண்டை நூற்றிருபதுக்கு மடித்து, கூம்பின் விளிம்புக்குக் குறுக்கே, நேர் செங்குத்தாக வைத்துக் காட்டினார். இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கொஞ்சம் கோணலாக வைத்தால் பொய் சொல்லும் என்று அதையும் வைத்துக் காட்டினார். அதற்குள் என் தேநீர் ஆறிப்போயிருந்தது.

அவருக்கு அந்தப் பெயர் வைத்தவர் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர். பட்டம் வாங்கியதால் வந்த பெயர் இல்லை. அக்கா வரைபடம் வரையப் பயிற்சி எடுத்து, கல்யாணத்துக்கு முன்பு ஓர் இரும்புக் கட்டுமான அலுவலகத்தில் சில வருஷம் வேலை பார்த்தவர், அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறந்தால் டிகிரிதான். கடையின் பெஞ்சு இரண்டு டிகிரி முன்பக்கம் சாய்கிறது என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லி, கடைசியில் மனிதர் பொறுக்கமாட்டாமல் ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் செருகினார். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். இரவுப் பணி முடித்து வந்து நாற்காலியிலேயே கண்ணயர்ந்தால், "முப்பதுக்கு மேல சாஞ்சா கழுத்து பிடிச்சுக்கும், எந்திரிங்க" என்று எழுப்புவார். அந்த மனிதர் ஒரு நாளும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார்.

நான் குடியிருப்பது மாடியில். கீழ்த்தளம் முழுக்க அக்காவின் பட்டறை. மாடிப்படிக்கும் கூடத்துக்கும் மேலே வெளிச்சத்துக்காக வைக்கிற கண்ணாடிக் கூரைதான் தொழில். நான்கு பக்கமும் சரிந்து உச்சியில் சேரும் கூம்புக் கூரை என்றால் சுற்றுவட்டாரத்தில் இவரைத்தான் தேடி வருவார்கள். கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் என் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். இதைப் பற்றி அக்காவிடம் முறையிட்டிருக்கிறேன். "ஜன்னல் கதவு சரியான கோணத்துல சாத்தல. அதான் சத்தம்" என்று மேலே வந்து ஜன்னலைச் சரிசெய்துவிட்டுப் போனார். சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

பட்டறையில் கணக்கு அக்காவுடையது. கை அவருடைய நாத்தனாருடையது, அதாவது டிரைவரின் தங்கை. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் பாப்பா. நாற்பது தாண்டிவிட்டது, மகன் மீசையோடு வேலைக்குப் போகிறான், இன்னும் தெருவே பாப்பா என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கும் 'வந்தாள், போனாள்' என்று எழுதத்தான் கை வருகிறது. பாப்பா அதிகம் பேசமாட்டாள். தேய்த்த விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். திருப்தி என்றால் மூக்கை உறிஞ்சுவாள், இல்லையென்றால் மறுபடி தேய்க்கும் கல்லில் வைப்பாள். "அண்ணி நம்பர் சொல்வாங்க. மிச்சத்தைக் கல்லு சொல்லும்" என்று ஒரு தரம் என்னிடம் சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கூரைக் கண்ணாடி விரல் தடிமன் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிகள் சேரும் இடத்தில் இரண்டு விளிம்பையும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள கோணத்தில் ஆளுக்குப் பாதி. நடுவே மெல்லிய ரப்பர் பட்டை. கோணம் சரியாக இருந்தால் பட்டை நசுங்கி அடைத்துக்கொள்ளும். கோணம் தப்பினால் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் வாயைப் பிளக்கும். "தண்ணி நம்மளைவிட நல்லா அளக்கும்" என்பார் அக்கா.

அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு கணக்கு உண்டு. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், ஒரே மூச்சில் ஒப்பிப்பார்: "முகம் எவ்வளவு சாய்வோ அதுக்குக் காஸ் போடு. அதை அதாலயே பெருக்கு. எந்தக் கோணத்துக்கு அது காஸ்னு பாரு. நூத்தி எண்பதுல கழி. முடிஞ்சுது." சைன், காஸ், டேன் மூன்றையும் தூரத்து உறவினர்களைப் போலத்தான் பேசுவார். டேன் கொஞ்சம் துள்ளுகிற பிள்ளை, தொண்ணூறு கிட்டப் போனால் கையில் பிடிபடாது. காஸ் மட்டும் தப்பே செய்யாத நல்ல பிள்ளை. கால்குலேட்டரில் அந்தப் பொத்தானின் எழுத்து தேய்ந்தே போய்விட்டது.

இந்த மழைக்காலம் தொடங்குமுன் நூலகத்தின் வாசிப்பறைக் கூரைக்கு ஒரு கூம்பு கேட்டார்கள். வெல்டர்கள் மொட்டைமாடியில் இரும்புச் சட்டத்தை நிறுத்திவிட்டார்கள்: அடியில் ஒரு சதுரம், நான்கு மூலையிலிருந்தும் உச்சிக்கு நான்கு சாய்ந்த கம்பிகள். அக்கா அளக்கப் போனார்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடி வைக்கும்வரை கூம்புக்கு முகம் கிடையாது, வெறும் விளிம்புதான். சாய்வுக் கருவியை வைக்க முகத்தின் நடுவே ஒன்றுமே இல்லை, காற்றுதான் இருக்கிறது. அதனால் அக்கா உச்சியிலிருந்து அடிச்சட்டத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலின் சாய்வை அளப்பார். அதுதான் முகத்தின் சாய்வு. மூலைக் கம்பியின் சாய்வு அதைவிட எப்போதும் குறைவு. அன்றைக்கு மாடியில் பேய்க்காற்று. நூல் நிற்கவே இல்லை. அக்கா கருவியைக் கம்பியின் மேலேயே வைத்தார். முப்பதரை. கீழே போய் முகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கீழே வந்தால் நூலகர் அம்மா தேநீரோடு நின்றார். கூரை வேலை முடியும்வரை புத்தகங்களை எங்கே அடுக்குவது என்று ஒரு பெரிய புலம்பல். அக்கா ஆறுதல் சொன்னார், யோசனை சொன்னார், அலமாரி இரண்டு டிகிரி சாய்ந்திருப்பதையும் சொன்னார். பட்டறைக்கு வந்து முப்பதரைக்கு அப்படியே காஸ் போட்டார். நூற்று முப்பத்தெட்டு வந்தது. "பாதி அறுபத்தொம்பது, பாப்பா" என்றார். பாப்பா அறுபத்தொன்பதுக்குத் தேய்த்தாள்.

கண்ணாடி ஏற்றுகிற அன்று நானும் போயிருந்தேன். காசில்லாமல் வேடிக்கை கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை நான். நான்கு வெல்டர்கள் ரப்பர் பிடிகளைப் பிடித்துத் தூக்க, பாப்பா சாரத்தில் நின்று விளிம்போடு விளிம்பைச் சேர்த்தாள். முதல் கண்ணாடி உட்கார்ந்தது. இரண்டாவதும் வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டும் இடித்துக்கொண்டு நின்றன. வெளியே விரல் நுனி போகிற அளவுக்குப் பிளவு, உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரே மாதிரி.

"பசையைப் போட்டு அடைச்சிரலாம்க்கா" என்றார் ஒரு வெல்டர்.

"ஒரு வெயிலுக்குத் தாங்கும். அடுத்த மழைக்கு விட்டுரும்" என்றார் அக்கா. பிறகு சாரத்தைப் பார்த்துக் கேட்டார். "பாப்பா, கல்லைச் சரியா வச்சியா?"

"நீங்க சொன்னதுக்குத்தான் வச்சேன் அண்ணி."

"நான் சொன்னதுக்கு வச்சா ஏன் பிளக்குது? காஸ் தப்பு பண்ணாது. கைதான் தப்பு பண்ணும்."

நூலகர் அம்மா, வெல்டர்கள், நான், அத்தனை பேருக்கும் காதில் விழுந்தது. பாப்பா கையுறையைக் கழற்றிச் சாரத்துக் கம்பியில் மாட்டினாள். இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏற்றிய கண்ணாடிகளை இறக்கிப் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் பாப்பா அந்தப் பக்கமே வரவில்லை. என் பாத்திரங்கள் நடுங்காமல் இருந்தன. சும்மா சொல்லக்கூடாது, அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வெல்டர்கள் போகிற இடமெல்லாம் பேச்சைக் கொண்டுபோனார்கள். பாப்பா கை முன்ன மாதிரி இல்லையாம் என்று தேநீர்க் கடையிலேயே என் காதுபடச் சொன்னார்கள். இருபது வருஷமாகச் சேர்த்த பேர். டிரைவருக்குத்தான் பெரிய பாடு. வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அடுத்த தெருவில் தங்கை கதவு திறப்பதில்லை. பஸ் ஓட்டுகிற நேரம்தான் நிம்மதி என்று, விடுப்பு நாளிலும் பணிக்குப் போக ஆரம்பித்தார்.

ஒரு காலையில் அக்கா மேலே வந்தார். பெட்டி எதையும் தொடவில்லை. "நூலகத்துக்கு வர்றீங்களா? நூலை ஒருத்தர் பிடிக்கணும். இவர் பணிக்குப் போயிட்டார்" என்றார். போனேன். காற்று இல்லை. சாரத்தில் ஏறி உச்சியில் நூலைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். அக்கா அடிச்சட்டத்தின் நடுவில் நூலைக் கட்டி, அதன் மேல் கருவியைப் படாமல் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பதுக்கு ஒரு நூலிழை குறைவு. கால்குலேட்டரைத் தட்டினார். நூற்றிருபத்தாறு.

அப்படியே சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நூலை விடலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"காஸ் கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு" என்றார் கடைசியில். "நான் முகத்தைக் கேக்காம விளிம்பைக் கேட்டிருக்கேன். பாப்பாவை நாலு பேர் முன்னாடி..." எனக்கு அவர் மேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. பாவமாக இருந்தது.

பாவமாக இருந்ததே தவிர, மன்னிப்புக் கேட்பது என்பது அக்காவுக்குக் கைவராத வேலை. இரண்டு முறை அடுத்த தெருவரை போய்த் திரும்பி வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைசியில் கணவரைத் தூது அனுப்பினார்: தப்பு தன் அளவில்தான், பாதி அறுபத்து மூன்று, இன்னும் கொஞ்சம் தேய்த்தால் அதே கண்ணாடி உதவும், வரச் சொல்லுங்கள். டிரைவர் கொண்டுவந்த பதில் சுருக்கமானது. "கண்ணாடி என் கைபட்டது. அதனால தேய்ச்சுத் தர்றேன். மத்தது, என்னைக் குத்தம் எங்க சொன்னாங்களோ அங்க வந்து சொல்லட்டும்."

பாப்பா வந்தாள். என் பாத்திரங்கள் மறுபடி நடுங்கின. அவள் வேலை பார்த்தாள், விளிம்பைத் தடவினாள், மூக்கையும் உறிஞ்சினாள். ஆனால் 'அண்ணி' என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. "தண்ணி வேணும்", "அடுத்தது எது" என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். அக்காவும் சுவருக்கே பதில் சொன்னார்.

மறுபடி கண்ணாடி ஏற்றும் நாள் வந்தது. அதே ஆட்கள். வானம் இருண்டுகொண்டு வந்தது. நூலகர் அம்மா நல்ல மனசுக்காரர், ஆனால் வாய் சும்மா இருக்காது. சாரத்தில் ஏறப் போன பாப்பாவிடம், "இந்தத் தடவை கை தவறிடாதேம்மா, என் புத்தகமெல்லாம் கீழ இருக்கு" என்றார்.

பாப்பா ஏறாமல் நின்றாள். அக்காவைப் பார்க்கவில்லை. கையுறையை மட்டும் இறுக்கினாள்.

"போன தடவை கை தவறலம்மா" என்றார் அக்கா. "அளவு. அளவு என்னுது. நான்தான் தப்பா அளந்தேன்." வெல்டர்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியுமா? "அன்னைக்குக் காத்து, நூல் நிக்கல. கம்பி மேல வச்சா முகத்தோட சாய்வு வராது, டேன் போட்டு ரெண்டோட வர்க்கமூலத்தால பெருக்கணும், அதைக் கீழ வந்து செய்யலாம்னு..." என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு வெல்டர் கொட்டாவி விட்டார். மன்னிப்பு வந்த வேகத்தில் கணக்குக்குள் மூழ்கிப் போனது. பாப்பா சாரத்தில் ஏறினாள். அவள் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

கண்ணாடிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இந்த முறை விரலைத் தள்ளுங்கள், நகம்கூடப் போகவில்லை. ரப்பர் பட்டை நான்கு விளிம்பிலும் ஒரே மாதிரி நசுங்கி உட்கார்ந்தது. உச்சியில் நான்கு முனைகளும் கூடுகிற இடத்துக்கு மூடியைப் போட்டு முடுக்கினார்கள். இனித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். வழக்கமாக அக்காதான் மேலே நின்று ஊற்றுவார். கீழே ஒருவர் ஓரமாக நின்று தரை நனைகிறதா என்று பார்ப்பார். அன்றைக்கு அக்கா வாளியையும் குழாயையும் பாப்பா பக்கம் தள்ளினார். பிறகு படியிறங்கி வாசிப்பறைக்குள் போனார்.

நாங்களும் பின்னால் போனோம். அலமாரிகளுக்கெல்லாம் நூலகர் அம்மா பாலித்தீன் போர்த்தியிருந்தார். எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினோம். அக்கா ஒதுங்கவில்லை. அறையின் நடுவுக்கு நடந்து போய், இரண்டு கண்ணாடிகள் சேரும் விளிம்புக்கு, போன தடவை பிளந்து நின்ற அதே விளிம்புக்கு, நேர் கீழே நின்றார். துவைத்து மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மேலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் உருவம் தெரிந்தது. கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். ஊற்றவில்லை. திறந்திருந்த படிக்கட்டு வழியாக அவள் குரல் இறங்கி வந்தது.

"அண்ணி. தள்ளி நில்லுங்க. நனைஞ்சுருவீங்க."

"ஊத்து பாப்பா" என்றார் அக்கா.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடாமல், மேலே பார்த்து நின்றார்.